‘முதல் பெண்’ என்றதோடு நிறுத்தலாமா?

ஒரு சட்டம், ஒரு மருத்துவமனை, சில நாவல்கள், ஓர் அட்டவணை, நூறு வரைபடங்கள்... ஐந்து பெண்கள் நமக்கு விட்டுச்சென்ற வேலைகள்

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். சென்னைச் சட்டசபையின் முதல் பெண் துணைத் தலைவர் யார்? தமிழுக்காக சாகித்ய அகாடமி விருது வாங்கிய முதல் பெண் எழுத்தாளர் யார்? கேள்வி முடிவதற்குள் பதில் வந்து விழும். அடுத்து, ‘அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் என்ன செய்தார்? அந்த எழுத்தாளர் எதைப் பற்றி எழுதினார்?’ என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் இருக்காது. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. நாம் சொல்லிக்கொடுத்ததே அவ்வளவுதான்.

ஒருவரை ‘முதல் பெண்’ என்னும்போது, அதுவரை கதவு சாத்திக் கிடந்ததைத்தான் சொல்கிறோம். கதவைத் திறந்து உள்ளே போனவர் அங்கே என்ன வேலை பார்த்தார் என்பதைச் சொல்லாமலே விட்டுவிடுகிறோம். ஆனால், நம் வாழ்க்கையை மாற்றியது அந்த வேலைதான். சென்னை மாகாணத்தில் பிறந்தோ, படித்தோ, பணியாற்றியோ வாழ்ந்த ஐந்து பெண்களை அவர்கள் செய்த வேலையின் வழியாகப் பார்ப்போம்.

முடிச்சு இருந்த இடம்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி

1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர் முத்துலட்சுமி. தந்தை நாராயணசாமி, அங்கிருந்த மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள், தேவதாசி மரபில் பிறந்தவர். ஆண்கள் மட்டுமே படித்துவந்த அந்தக் கல்லூரியில் முத்துலட்சுமியைச் சேர்க்கக் கூடாது என்று எதிர்ப்புக் கிளம்பியபோது, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டு இடம் கொடுத்தார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் மருத்துவராக வெளியே வந்தார். 1926-இல் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். உறுப்பினர்கள் ஒருமனதாக அவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். பாடப்புத்தகம் இங்கே முற்றுப்புள்ளி வைத்துவிடும். கவனிக்க வேண்டிய கதை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

தேவதாசி முறையை எதிர்த்துப் பேசியவர்கள் அவருக்கு முன்னும் இருந்தார்கள். அந்த முறை எந்தக் கயிற்றில் கட்டப்பட்டிருக்கிறது என்று தேடியவர் முத்துலட்சுமி. கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட்ட பெண்ணுக்கு மானிய நிலம் உண்டு. அந்த வருமானம் வேண்டுமென்றால் கோயில் ஊழியத்தில் இருந்தாக வேண்டும். ஊழியத்தை விட்டால் நிலம் போகும். நிலம் போனால் குடும்பத்துக்குச் சோறு இல்லை. அதனால், தாய்க்குப் பிறகு மகளுக்கும் பொட்டுக்கட்டினார்கள். பக்தி, மரபு என்றெல்லாம் பேசப்பட்ட ஒரு பழக்கத்தின் அடியில் மானிய நிலம் இருந்தது.

1929-இல் இந்து சமய அறநிலையச் சட்டத்தில் அவர் முயற்சியால் வந்த திருத்தம் இந்த முடிச்சைத்தான் அவிழ்த்தது. ஊழியத்திலிருந்து விலகினாலும் நிலம் அந்தப் பெண்ணுக்கே என்று ஆனது. ‘இனிமேல் பொட்டுக்கட்டாதே’ என்று சொல்வதற்கு முன், ‘பொட்டுக்கட்டாவிட்டாலும் உனக்கு வாழ்வு உண்டு’ என்று சட்டத்தில் எழுதிவைத்தார். சமூகச் சீர்திருத்தம் பேசுகிற யாரும் பாடமாகப் படிக்க வேண்டிய வரிசை இது.

எதிர்ப்பு எளிதாக அடங்கவில்லை. சபைக்குள் சத்தியமூர்த்தி போன்ற பெருந்தலைவர்கள் எதிர்த்தார்கள். வெளியே பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்ட தேவதாசிப் பெண்களே எதிர்த்தார்கள். தங்கள் கலையும் சொத்துரிமையும் சமூகத்தில் இருக்கும் இடமும் போய்விடும் என்பது அவர்கள் கவலை. அந்தக் கவலையை வெறும் பிற்போக்கு என்று தள்ளிவிட முடியாது. அவர்கள் ஆடிய சதிரும் பாடிய பதமும் பிற்காலத்தில் யார் கைக்குப் போயின என்பதைப் பார்க்கும்போது, அவர்களுடைய கேள்விக்கு இன்றும் உயிர் இருக்கிறது. ஆனால், விவரம் அறியாத வயதில் பொட்டுக்கட்டப்பட்ட குழந்தைகளின் சார்பில் பேச அன்று அந்தச் சபையில் ஒரு முத்துலட்சுமிதான் இருந்தார்.

பொட்டுக்கட்டுவதையே தடை செய்யும் மசோதாவை 1930-இல் முன்வைத்தார். அதே ஆண்டு காந்தி கைது செய்யப்பட்டதும் பதவியைத் துறந்து வெளியேறினார். சட்டம் நிறைவேற 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த 17 ஆண்டுகளில் அவர் கை ஓய்ந்திருக்கவில்லை. தேவதாசிக் குடும்பத்துச் சிறுமிகளுக்கு விடுதிகளில் இடம் மறுக்கப்பட்டபோது, தம் வீட்டிலேயே அவர்களைத் தங்கவைத்தார். அப்படிப் பிறந்ததுதான் அவ்வை இல்லம்.

தங்கை புற்றுநோயில் துடித்து இறந்ததை அருகிலிருந்து பார்த்தவர் அவர். அந்த நோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணம் அன்றே மனத்தில் விழுந்தது. எப்படியும் இறக்கப் போகிறவர்களுக்கு எதற்குத் தனி மருத்துவமனை என்ற மனநிலை அப்போது அதிகாரத்தில் இருந்தவர்களிடமும் இருந்தது. அவர் ஆண்டுக்கணக்கில் நிதி திரட்டினார். 1952-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூனில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. அப்போது முத்துலட்சுமிக்கு 67 வயது. மறு ஆண்டு, கைக்கு வந்த அரசு வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அங்கே சேர்ந்தார் ஓர் இளம் மருத்துவர். அவர்தான் டாக்டர் வி.சாந்தா. 2021-இல் மறையும்வரை அந்த வளாகத்தை அவர் விட்டுப் பிரியவில்லை. முத்துலட்சுமி தொடங்கிய வேலை அவரோடு முடியாமல் போனதற்கு, அதை எடுத்துச் செல்ல இன்னொருவர் வந்ததே காரணம்.

உள்ளிருந்து எழுந்த குரல்: மூவலூர் ராமாமிர்தம் அம்மையார்

முத்துலட்சுமி சட்டசபையில் வாதாடிக்கொண்டிருந்த காலத்தில், தஞ்சை மாவட்டத்து ஊர்களில் மேடை போட்டு அதையே பேசிக்கொண்டிருந்தார் இன்னொரு பெண். 1883-இல் பிறந்து, மயிலாடுதுறை அருகே மூவலூரில் வளர்ந்த ராமாமிர்தம், தேவதாசி மரபைச் சேர்ந்தவர். ஒரு முதியவருக்கு அவரைக் கட்டிவைக்க ஏற்பாடு நடந்தபோது மறுத்துவிட்டு, தமக்கு இசை கற்பித்த சுயம்பு பிள்ளையை மணந்துகொண்டார். காங்கிரஸில் இருந்தார், பெரியார் வெளியேறியபோது அவரும் வெளியேறிச் சுயமரியாதை இயக்கத்துக்கு வந்தார். பொட்டுக்கட்டும் வழக்கத்தை விட்டுவிடும்படி இசை வேளாளர் குடும்பங்களிடம் வீடு வீடாகப் போய்ப் பேசினார்.

1936-இல் வெளிவந்தது அவருடைய ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ நாவல். கல்லூரிப் பேராசிரியர்கள் இதைப் பிரச்சார நாவல் என்பார்கள். ஆம், பிரச்சாரம்தான். ஆனால், இதில் இருக்கும் தகவல் வேறெங்கும் கிடைக்காதது. அதுவரை தமிழ்க் கதைகளில் வந்த தாசி, ஒன்று ஆண்களைக் கெடுக்கிற மாயக்காரி. இல்லையென்றால் கண்ணீர் விடுகிற அபலை. ராமாமிர்தம் அம்மையார் இந்த இரண்டையும் ஒதுக்கிவிட்டு, இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்று எழுதினார். பெண்ணைப் பழக்குகிற தாய், சொத்தை அழிக்கிற மைனர், இடையில் தரகு பார்க்கிறவர்கள், இவர்களுக்கு நியாயம் கற்பிக்கிற சாத்திரம் என்று வலையின் ஒவ்வொரு கண்ணியையும் காட்டினார். அந்த மரபிலிருந்து வெளியே வந்த பெண்களே மற்றவர்களை மீட்கக் கிளம்புவதாகக் கதையைக் கொண்டுபோனார். வெளியிலிருந்து எவரும் வந்து காப்பாற்றத் தேவையில்லை என்பது அந்த நாவலின் துணிவு.

1938-இல், 55 வயதில், இந்தித் திணிப்பை எதிர்த்து உறையூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய தமிழர் படையோடு நடந்தார். படையில் இருந்த ஒரே பெண் அவர்தான். வழிநெடுகக் கூட்டங்களில் பேசிக்கொண்டே சென்னை போய்ச் சேர்ந்தார். அந்த ஆண்டு நவம்பர் 13 அன்று சென்னையில் பெண்கள் மாநாடு கூடியது. மறுநாள் மறியலில் டாக்டர் தருமாம்பாள் முதலானோருடன் ராமாமிர்தமும் கைதாகிச் சிறைக்குப் போனார். வீட்டு வாசலைத் தாண்டுவதே பெரிதாக இருந்த காலத்தில், சிறை வாசலைத் தாண்டுவதையும் பெண்களுக்குப் பழக்கமாக்கினார்கள் இவர்கள். 1962-இல் மறையும்வரை பொது வாழ்க்கையிலேயே இருந்தார்.

வேர்நுனியில் விடை தேடியவர்: ஜானகி அம்மாள்

தலைச்சேரியில் 1897-இல் பிறந்த ஜானகி அம்மாள், சென்னையில் ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். பார்பர் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போய், 1931-இல் தாவரவியலில் முனைவர் பட்டத்தோடு திரும்பினார். 1934-இல் கோவை கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார்.

அந்த நிலையத்தின் வேலை நம் உழவர்களோடு நேரடியாகத் தொடர்புடையது. சாறு நிறைந்த வெளிநாட்டுக் கரும்பு நம் மண்ணிலும் வெயிலிலும் தாக்குப்பிடிக்காது. நோயும் எளிதில் தாக்கும். வாய்க்கால் ஓரத்தில் நாணல் போல் வளர்கிற காட்டுக்கரும்புக்கு இனிப்பு கிடையாது. ஆனால், எதையும் தாங்கும். இரண்டையும் கலந்து ‘கோ’ ரகங்களை உருவாக்கினார்கள். எதை எதோடு கலந்தால் என்ன வரும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டுமானால் செல்லுக்குள் இருக்கும் குரோமோசோம்களைத் தெரிந்திருக்க வேண்டும். ஜானகி அம்மாளின் துறை அதுதான். வளரும் வேரின் நுனியை நறுக்கி, சாயமேற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைத்து, நூலிழைத் துண்டுகள் போலக் கிடக்கும் குரோமோசோம்களை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். சில கரும்பு வகைகளில் அந்த எண்ணிக்கை நூறையும் தாண்டும். கண்ணும் பொறுமையும் தேயும் வேலை. கரும்பை மக்காச்சோளத்தோடும் மூங்கிலோடும்கூடக் கலந்து, புல் குடும்பத்தின் உறவுமுறையை ஆராய்ந்தார்.

அங்கே சாதியாலும், மணமாகாத பெண் என்பதாலும் அவர் பட்ட நெருக்கடிகளை அவருடைய வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். லண்டன் போன அவர், உலகப் போர்க் காலத்தில் ஜான் இன்னஸ் நிறுவனத்தில் பணியாற்றினார். சி.டி.டார்லிங்டனோடு சேர்ந்து, பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்த பெருநூலை 1945-இல் வெளியிட்டார். புதிய ரகம் உருவாக்க முனைந்தவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருந்த நூல் அது.

நேருவின் அழைப்பை ஏற்று இந்தியா திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைக்க உழைத்தார். கேரளத்தின் சைலண்ட் வேலி மழைக்காட்டை அணைக்குப் பலியிடும் திட்டம் வந்தபோது, 80 வயதைத் தாண்டிய நிலையில் எதிர்ப்பில் இணைந்தார். வாழ்நாள் முழுக்கச் செடிகளின் வம்சாவளியைப் படித்தவருக்கு, அந்தக் காடு அழிந்தால் எதெல்லாம் திரும்பி வராது என்பது தெரியும். சென்னை மதுரவாயலில் இருந்த பல்கலைக்கழக ஆய்வகத்தில் கடைசிவரை பணியாற்றி, 1984 பிப்ரவரியில் மறைந்தார். அதே ஆண்டு நவம்பரில் சைலண்ட் வேலி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

அளவுக்கு அளவு வைத்தவர்: அன்னா மாணி

திருவிதாங்கூரின் பீர்மேட்டில் 1918-இல் பிறந்த அன்னா மாணிக்கு, எட்டாவது பிறந்தநாளில் வீட்டு வழக்கப்படி வைரத் தோடு தர எடுத்தார்கள். தோடு வேண்டாம், ‘என்சைக்ளோபீடியா பிரிட்டானிகா’ வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டது அந்தப் பெண். வளர்ந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்து, பெங்களூரில் சர் சி.வி.ராமனின் ஆய்வகத்துக்குப் போனபோது, அவருக்குக் கிடைத்த வேலை வைரத்திலும் மாணிக்கத்திலும் ஒளி எப்படிச் சிதறுகிறது என்று ஆராய்வது. ஒரு படம் பதியவே மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இரவெல்லாம் ஆய்வகத்தில் இருந்து, ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதி, 1945-இல் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தைக் காட்டி முனைவர் பட்டத்தை மறுத்துவிட்டார்கள். ஆய்வு எப்படி இருந்தது என்ற கேள்விக்கே அங்கு இடமில்லாமல் போனது.

பட்டம் இல்லாமலே லண்டன் போய் வானிலைக் கருவிகளைப் பற்றிப் படித்து, 1948-இல் திரும்பி வந்து புனேயில் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். அப்போது நம் நாட்டில் வெப்பமானி, காற்றழுத்தமானி போன்ற சாதாரணக் கருவிகளுக்கே வெளிநாட்டைப் பார்த்து நிற்க வேண்டிய நிலை. அன்னா மாணியும் அவருடன் பணியாற்றியவர்களும் ஏறக்குறைய 100 கருவிகளுக்கு வரைபடம் தயாரித்து, அளவுகளை ஒழுங்குபடுத்தி, இங்கேயே செய்ய வழிவகுத்தார்கள். மழை எவ்வளவு பெய்தது என்று தூத்துக்குடியும் டெல்லியும் சொல்லும் கணக்கை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால், இரண்டு ஊர்க் கருவிகளும் ஒரே மாதிரி அளக்க வேண்டும். பிழையான அளவீடு வைத்துக்கொள்வதைவிட அளவீடே இல்லாமல் இருப்பது மேல் என்பது அவருடைய கொள்கை.

1957-58 சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டையொட்டி, சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நாடு முழுக்க ஏற்படுத்தினார். 1976-இல் ஓய்வுபெற்ற பிறகும் வேலையை விடவில்லை. இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சுத் தரவுகளை 1980-இலும் 1981-இலும் நூல்களாகத் தொகுத்தார். 1983-இல் காற்று ஆற்றல் பற்றிய ஆய்வு வெளிவந்தது. இன்று முப்பந்தல், ஆரல்வாய்மொழி பக்கம் போகிறவர்கள் காற்றாலைகளைக் கண்டு வியக்கிறார்கள். காற்று எங்கே, எந்த மாதத்தில், என்ன வேகத்தில் வீசுகிறது என்று வருடக்கணக்கில் யாராவது அளந்து வைத்திருந்தால்தான் ஒரு காற்றாலையை நட முடியும். கூரையில் சூரிய மின்தகடு பொருத்துவதற்கும் அதே கதைதான். ‘சூழல்’, ‘மாற்று எரிசக்தி’ என்றெல்லாம் மேடையில் பேசப்படுவதற்கு முன்பே அதற்கான எண்களைச் சேர்த்து வைத்தவர் அவர்.

பெண் விஞ்ஞானி என்று தம்மைத் தனித்துப் பேசுவதை அன்னா மாணி விரும்பவில்லை. தாம் பெண்ணாக இருந்ததற்கும் தாம் தேர்ந்தெடுத்த துறைக்கும் சம்பந்தம் இல்லை என்பதுதான் அவருடைய நிலை. அவரைப் பற்றிப் பேசும்போது நாம் அந்த விருப்பத்துக்காவது மரியாதை தர வேண்டும். 2001-இல் திருவனந்தபுரத்தில் மறைந்தார்.

உப்பளம் வரை போன பேனா: ராஜம் கிருஷ்ணன்

1925-இல் முசிறியில் பிறந்த ராஜம் கிருஷ்ணனுக்குப் பதினைந்து வயதிலேயே திருமணம். கல்லூரிப் படிப்பு கிடையாது. மின் பொறியாளரான கணவருக்கு மாற்றலாகும் ஊர்களெல்லாம் அவருக்குப் பள்ளிக்கூடம் ஆயின. நீலகிரியில் இருந்தபோது படகர் வாழ்க்கையைப் பார்த்து ‘குறிஞ்சித் தேன்’ எழுதினார். 1973-இல் ‘வேருக்கு நீர்’ நாவலுக்குச் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. ‘முதல் பெண்’ என்ற பட்டியலில் பெயர் ஏறியது. அவருடைய மிக வலுவான எழுத்துகளில் பல அதற்குப் பிறகு வந்தவை.

‘கரிப்பு மணிகள்’ அவற்றில் ஒன்று. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களின் கதை. வெயில் வெள்ளையாகத் திருப்பியடிக்கும் பாத்திகளில், காலை அரிக்கும் உப்புநீரில் நின்று, ஆணுக்கொரு கூலி பெண்ணுக்கொரு கூலி என்று பிழைக்கும் குடும்பங்கள். மழைக்காலம் வந்தால் அந்தக் கூலியும் இல்லை. அளத்துக்கு வேலைக்குப் போகும் பெண்ணுக்குக் கங்காணியிடம் என்ன பயம் இருக்கும், குடிக்கத் தண்ணீர் எங்கே கிடைக்கும், ஒதுங்க இடம் உண்டா என்பதெல்லாம் அந்த நாவலில் கதையாகவே வரும். வீட்டில் உட்கார்ந்து கற்பனை செய்து எழுத முடியாத விஷயங்கள் இவை. அவர் அந்த ஊர்களுக்குப் போனார், மக்களோடு பேசினார், பிறகுதான் எழுதினார். இப்படித்தான் மீனவர்களைப் பற்றி ‘அலைவாய்க் கரையில்’ வந்தது. தஞ்சை உழவுத் தொழிலாளர்களைப் பற்றி ‘சேற்றில் மனிதர்கள்’ வந்தது. சிவகாசிப் பக்கத்துக் குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றி ‘கூட்டுக் குஞ்சுகள்’ வந்தது.

மணலூர் மணியம்மை என்றொரு பெண். பிராமணக் குடும்பத்தில் இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். தலைமுடியை ‘கிராப்’ வெட்டி, வேட்டி சட்டை அணிந்து, தஞ்சைப் பகுதிப் பண்ணையாட்களைச் சங்கமாகத் திரட்டியவர். 1953-இல் இறந்துபோன அவரை எழுத்துலகம் மறந்தே போயிருந்தது. ராஜம் கிருஷ்ணன் ஊர் ஊராகப் போய் அவரை அறிந்தவர்களைத் தேடிப்பிடித்து, ‘பாதையில் பதிந்த அடிகள்’ என்று எழுதிவைத்தார். இல்லையென்றால் மணியம்மை நமக்குக் கிடைத்திருக்க மாட்டார்.

இப்படி ஊர் துன்பத்தையெல்லாம் எழுதியவர், கணவர் மறைந்த பின் முதியோர் இல்லத்தில் தங்க வேண்டியிருந்தது. 2009-இல், அவர் உயிரோடு இருக்கும்போதே, தமிழக அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமையாக்கியது. 2014-இல் மறைந்தார்.

வேலை மிச்சமிருக்கிறது

இந்த ஐந்து பேருக்கும் நாம் மரியாதை செய்யாமல் இல்லை. மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கு முத்துலட்சுமி பெயர் இருக்கிறது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-இல் வந்த திருமண உதவித் திட்டம், 2022-இல் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. பெண்ணின் கல்யாணத்துக்குக் கொடுத்த பணத்தை அவள் படிப்புக்குக் கொடுப்பது, அம்மையார் இருந்திருந்தால் மகிழ்ந்து வரவேற்றிருக்கக்கூடிய மாற்றம். அந்தப் பணத்தை வாங்கும் மாணவிகளில் எத்தனை பேர் அவருடைய நாவலைப் பார்த்திருப்பார்கள்? கல்லூரியில் சேரும் நாளில் அதன் பிரதி ஒன்றையும் கையில் கொடுத்தால் என்ன?

தூத்துக்குடிப் பள்ளிகளில் ‘கரிப்பு மணிகள்’ படிக்கட்டும். படித்த பிள்ளைகள் பக்கத்து அளத்துக்குப் போய், அந்த நாவலில் வந்த கூலி, குடிநீர், கழிப்பறைப் பிரச்சினைகளில் எது தீர்ந்தது, எது தீரவில்லை என்று பார்த்து வரட்டும். கன்னியாகுமரி, நெல்லை மாவட்ட இயற்பியல் வகுப்புகளில், காற்றாலையைக் காட்டும்போது அன்னா மாணியின் வேலையைச் சொல்லித்தரலாம். கோவையில் கரும்பை வெட்டி நுண்ணோக்கியில் வைக்கும் மாணவிக்கு ஜானகி அம்மாள் எண்ணிய விதத்தைக் காட்டலாம். சட்டக் கல்லூரியில் 1929-ஆம் ஆண்டுத் திருத்தத்தை வரிவரியாகப் படிக்கலாம். உரிமை பேசுகிற ஒரு சட்டம் வயிற்றுப்பாட்டையும் எப்படி யோசிக்க வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

மகளிர் தினத்தன்று படத்துக்கு மாலை போட்டு, ‘முதல் பெண்’ என்று ஒரு வரி பேசிவிட்டு இறங்குவதற்கு ஐந்து நிமிடம் போதும். அவர்கள் பார்த்த வேலையை ஒரு பெண் பிள்ளைக்குப் புரியவைக்க ஒரு முழு வகுப்பு வேண்டும். அந்த ஒரு வகுப்பு நேரத்தை ஒதுக்குங்கள். முத்துலட்சுமியின் 12 படுக்கைகளை ஒரு சாந்தா வந்து வளர்த்தெடுத்தார். மற்றவர்கள் விட்டுச்சென்றதையும் வளர்த்தெடுக்க ஆள் வேண்டும். விருதையும் பதவியையும் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் பிள்ளைகள் கைதட்டுவார்கள். வேலையைச் சொன்னால், அவர்களில் சிலராவது அதைத் தொடர்ந்து செய்ய முன்வருவார்கள்.